கீச்சிடும் பெல்ட்

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோயிலும் பீங்கான் பொம்மைகளும் பலருக்கு நினைவு வரும். எங்கள் வகுப்புக்கோ இவ்வாண்டு ஒரு கீச்சொலிதான் நினைவு வருகிறது!

எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை பழைய அம்பாசடர் காரை வாடகைக்கு ஓட்டுகிறார். அந்தக் காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. ஆனால் அவர்கள் வீட்டில் உலை கொதிப்பது இன்றும் அதனால்தான். விடியற்காலையில் வண்டியைக் கிளப்பினால் தெருவே விழித்துக்கொள்ளும். யாரோ சொன்ன யோசனைப்படி அவர் பெல்ட்டில் சோப்பைத் தேய்த்தார். சத்தம் நின்றது. ஒரு வாரத்தில், பிரசவத்திற்காக ஒரு பெண்ணைக் கடலூருக்கு அழைத்துச் சென்றபோது, வடலூர் அருகே ரேடியேட்டர் கொதித்து வண்டியும் நின்றது. நல்லவேளையாக வேறொரு வண்டி கிடைத்தது. தாயும் சேயும் நலம்.

இது ஏன் நேர்ந்தது என்று பட்டறைப் பெரியவர் ஒருவரிடம் கேட்டோம். எஞ்சின் சுழலும்போது ஒரே பெல்ட்தான் விசிறியையும், நீர் பம்பையும், மின்சாரம் தரும் டைனமோவையும் சுழற்றுகிறது. பெல்ட்டின் குறுக்குவெட்டு ஆப்பு வடிவில் இருக்கும். அது புல்லியின் பள்ளத்தில் அடிப்பாகத்தால் அன்று, இரு பக்கங்களாலேயே பற்றுகிறது. பக்கங்கள் தேய்ந்தால் பெல்ட் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்துவிடும். பிறகு பிடிப்பு ஏது? வண்டியைக் கிளப்பியவுடன் பாட்டரிக்கு மீண்டும் மின்சாரம் ஏற்ற டைனமோவுக்குச் சுமை அதிகம். அதனால்தான் காலையில் கீச்சிடுகிறது. சோப்பு சத்தத்தைத்தான் அடக்கியது, வழுக்கலை அதிகமாக்கியது. விசிறியும் பம்பும் சோர்ந்தன. டைனமோவின் சிவப்பு விளக்கு எரிந்ததை அவர் பகல் வெளிச்சத்தில் கவனிக்கவில்லை.

இதே ஓசையை நாங்கள் பீங்கான் தொழிற்கூடம் ஒன்றிலும் கேட்டோம். களிமண்ணையும் கல்லையும் தண்ணீருடன் அரைக்கும் பெரிய உருளை, மோட்டார் போட்டவுடன் அசைய மறுக்கும், பெல்ட்டுகள் வீறிடும். அங்கே பல பெல்ட்டுகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ஒன்று கெட்டாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுவார்களாம். புதியது மட்டும் இறுக்கமாக இருந்தால் முழுப் பாரமும் அதன் தலையில் விழும் அல்லவா?

தோழியின் தந்தையுடைய பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளத்தன. இறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும் என்றார் பெரியவர். எஞ்சினை நிறுத்தி, டைனமோவின் போல்ட்டுகளைத் தளர்த்தி, பழையதைக் கழற்றினார். புல்லிகளில் படிந்த எண்ணெயையும் மண்தூளையும் துடைத்தார். மூன்று புல்லிகளும் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார். புதியதை மாட்டி, டைனமோவை வெளிப்புறமாக நெம்பிப் பிடித்து, போல்ட்டுகளை முடுக்கினார். நீண்ட பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் அமுங்க வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் பம்பின் பேரிங் கெடும். அந்தச் செலவு பெல்ட்டின் விலையைப் போலப் பல மடங்கு! சில நாட்களில் புதுப் பெல்ட் சற்று நீளும் என்பதால், மறுபடி வரச் சொல்லி அனுப்பினார்.

இப்போது எதிர்வீட்டுப் பாட்டிக்குத்தான் குறை. “உங்க அப்பா வண்டிச் சத்தம் கேட்டுத்தானே எழுந்து வாசல் தெளிப்பேன்” என்கிறாராம்.