வந்தாளா, வந்தாலா?

எதிர்வீட்டுப் பெண் நேற்றுச் சாயங்காலம் மகளின் டிக்டேஷன் நோட்டோடு வந்தாள். மகள் மூன்றாம் வகுப்பு. பத்து வாக்கியம் சொல்லி எழுதவைத்திருக்கிறார்கள், ஆறில் சிவப்பு மை. "பாருங்கக்கா, பத்துக்கு நாலு. இலக்கணமே வரலைன்னு மிஸ் சொல்றாங்க."

டீயை அடுப்பில் வைத்துவிட்டு நோட்டைப் பிரித்தேன். ஓரிடத்தில் 'பழம்' என்பதைப் 'பளம்' என்று எழுதியிருந்தது குழந்தை. இன்னோரிடத்தில் 'மாலா பள்ளிக்கு வந்தாள்' என்பது 'வந்தால்' ஆகியிருந்தது. கீழே, 'மாடுகள் வயலில் புல் மேய்ந்தது'. சொன்னது 'மேய்ந்தன'. மூன்றுக்கும் ஒரே மாதிரி சிவப்புச் சுழி, ஒரே மாதிரி ஒரு மார்க் போச்சு. ஆனால் மூன்றும் மூன்று வேறு கோளாறு.

முதலாவதை விட்டுவிடலாம். வீட்டில் எல்லோரும் 'பளம்' என்கிறோம், கேட்டதைக் கை எழுதிவிட்டது. அதில் இலக்கணம் எதுவும் இல்லை. தனிச்சொல் பட்டியல் கொடுத்திருந்தாலும் அதே தவறு வந்திருக்கும்.

இரண்டாவதில்தான் வாக்கியம் வேலை செய்கிறது. 'வந்தாள்', 'வந்தால்' இரண்டையும் சாதாரணமாகச் சொன்னால் நம்மில் பாதிப்பேர் வாயில் ஒரே மாதிரிதான் வரும். தனியாகச் சொல்லி எழுதச் சொன்னால் எதை எழுதினாலும் சரிதான். 'மாலா வந்தால் அம்மா கிளம்புவாள்' என்று முழுசாகச் சொல்லும்போதுதான் ஒன்று நிபந்தனை, மற்றது பெண்பால் விகுதி என்று குழந்தை முடிவு செய்தாக வேண்டும். காது கைவிட்ட இடத்தில் எது துணைக்கு வருகிறதோ அதுதான் அதன் இலக்கணம். இங்கே டீச்சர்கள் பாசத்தில் ஒரு காரியம் செய்வார்கள்: நாக்கை நன்றாக மடித்து 'வந்தாள்ள்' என்று இழுப்பார்கள். விடையைக் கையில் கொடுத்த மாதிரிதான் அது.

பிரான்ஸில் டிக்டேஷனை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கும் இதே போன்ற காரணம் ஒன்று உண்டு. பிரெஞ்சில் 'அவன் பாடுகிறான்', 'அவர்கள் பாடுகிறார்கள்' இரண்டும் காதுக்கு ஒன்றே. பன்மைக்கான எழுத்துகள் தாளில் இருக்கும், வாயில் வராது. அங்கே ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரே பத்தியை 1987, 2007, 2015, 2021 என நான்கு முறை சொல்லி எழுதவைத்தார்கள். 1987-இல் சராசரி 10.7 பிழை, 2021-இல் 19.4. பத்திரிகைகளுக்கு அந்த எண் போதும். எனக்குப் பிடித்தது, பிழைகளை இனம் பிரித்து எண்ணியதுதான். ஏறியதில் பெரும்பங்கு ஒருமை பன்மை இயைபு போன்ற இலக்கணப் பிழைகள் என்பது அப்படித்தான் தெரிந்தது.

மூன்றாவதற்கு வருவோம். 'மேய்ந்தன', 'மேய்ந்தது' இரண்டும் காதில் குழம்பாது. குழந்தைக்குச் சரியாகத்தான் கேட்டிருக்கும். சின்ன வாக்கியத்தை ஓசையாகவே பிடித்து இறக்கிவைத்துவிடலாம். கொஞ்சம் நீண்டால் ஓசை கழன்றுபோய் அர்த்தம் மட்டும் தங்கும். பிறகு அந்த அர்த்தத்தைத் தன் சொந்த இலக்கணத்தில் குழந்தை திரும்பக் கட்டுகிறது. நம் பேச்சில் மாடு ஒன்றானாலும் பத்தானாலும் 'மேஞ்சுது'தான். அந்த வீட்டு இலக்கணத்தை எழுத்துநடைக்கு மாற்றினால் 'மேய்ந்தது'. இதைத் தவறு என்பதைவிடப் பாதி தூரம் வந்துவிட்டது என்பேன்.

டான் ஸ்லோபின், சார்லஸ் வெல்ஷ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1973-இல் இதைப் பற்றி எழுதினார்கள். இரண்டு வயது தாண்டிய ஒரு குழந்தையிடம் வாக்கியங்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லவைத்தார்கள். தன் இலக்கணத்துக்கு எட்டாததை அது தன் போக்கில் மாற்றிச் சொன்னது. வேடிக்கை என்னவென்றால், தானாகவே சொன்ன நீளமான வாக்கியத்தைக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டால் அதுவும் முழுசாக வரவில்லை. ஆகவே டிக்டேஷனில் தவறியதால் மட்டும் குழந்தைக்கு அது தெரியாது என்று தீர்ப்பெழுத முடியாது.

நோட்டில் 'பூனையை பார்த்தேன்' என்று ப் விட்டதற்கும் ஒரு சுழி இருந்தது. இலக்கணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஊர்ப் பெயர்ப்பலகையில் பாதிக்கு ஒற்று கிடையாது, எட்டு வயதை மட்டும் பிடிப்பானேன்?

"அப்போ வீட்ல எப்படிக்கா சொல்லிக் குடுக்கறது?" என்றாள்.

சொல் சொல்லாக வெட்டிச் சொல்லாதே, 'மாடுகள்... வயலில்...' என்று நிறுத்தினால் அது வெறும் எழுத்துக்கூட்டல் சோதனை. ஐந்தாறு சொல்லில் முழு வாக்கியமாக, பேசுகிற வேகத்தில் சொல். சொல்லி முடிக்கும்வரை பென்சில் மேஜைமேல் இருக்கட்டும். முதலில் வாயால் திருப்பிச் சொல்லவிடு. வாயில் 'மேய்ந்தன' வந்து தாளில் 'மேய்ந்தது' விழுந்தால், வழியில் நழுவியிருக்கிறது. வாயிலேயே 'மேய்ந்தது' என்றால் அந்த வடிவம் இன்னும் உள்ளே குடியேறவில்லை. அதற்குச் சிவப்பு மை உதவாது. கதைப் புத்தகம் படித்துக் காட்டினால் காதுக்குப் பழகும்.

பாப்பாவையே கூப்பிட்டு உட்காரவைத்தேன். நாக்கை மடிக்காமல், அடுக்களையில் பேசுகிற மாதிரியே சொன்னேன்: மாலா வந்தால் அம்மா கிளம்புவாள். 'மாலா வந்தா' வரைக்கும் எழுதிவிட்டுப் பென்சிலைக் கன்னத்தில் குத்திக்கொண்டு என்னைப் பார்த்தது.

"பெரியம்மா, மாலா வந்துட்டாளா, இனிமேதான் வருவாளா?"

அவள் அம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். கையைக் காட்டி நிறுத்திவிட்டு, வாக்கியத்தை முழுசாக இன்னொரு தடவை சொன்னேன்.