முன்சக்கரத்தைத் தாங்கும் கவை

மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தை இருபுறமும் பற்றி நிற்கும் இரட்டைக் குழாயைத் தொழிற்கூடங்களில் 'ஃபோர்க்' என்பர். மரக்கிளை இரண்டாகப் பிரியும் இடத்தைக் கவை என்கிறோம் அல்லவா? அதே வடிவம்தான் இது. வண்டியின் முன்பாரத்தைத் தாங்குவது, சாலையின் மேடுபள்ளங்களை உள்வாங்கிக்கொள்வது, ஓட்டுநரின் கைத்திருப்பத்தைச் சக்கரத்திற்குக் கொண்டுசெல்வது ஆகிய வேலைகளை இஃது ஒரே நேரத்தில் செய்கிறது. ஆகவே ஒரு வண்டிக்கென வடிவமைத்த ஃபோர்க்கை வேறொரு வண்டியில் பொருத்தும்போது, அவ்வேலைகள் அனைத்தையும் மீண்டும் கணக்கிட வேண்டியதாகிறது.

இவ்வாறு மாற்றிப் பொருத்துவது புதிய வழக்கமன்று. அமெரிக்காவில், 300 கிலோ அளவு எடையுள்ள ஹார்லி-டேவிட்சன் டைனா வகை வண்டிகளில், 200 கிலோ அளவே எடையுள்ள சுசுகி ஜி.எஸ்.எக்ஸ்.-ஆர். 1000 போன்ற ஸ்போர்ட்ஸ் பைக்கின் ஃபோர்க்கைப் பொருத்துவோர் பலர். நம் நாட்டில் ராயல் என்ஃபீல்டு வண்டிகளைத் தம் விருப்பப்படி மாற்றியமைப்போர், கே.டி.எம். வண்டிகளின் ஃபோர்க்கை நாடுகின்றனர். 2021இல் வெளிவந்த கிளாசிக் 350 வண்டியின் எடை 195 கிலோ. முன்சக்கரம் 19 அங்குலம். ஃபோர்க் குழாயின் விட்டம் 41 மி.மீ. முதல் தலைமுறை ஆர்.சி. 390 வண்டியோ ஏறத்தாழ 165 கிலோ. சக்கரம் 17 அங்குலம். ஃபோர்க் குழாய் 43 மி.மீ. விட்டமுடையது. பழைய ஃபோர்க்கைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் வண்டி கம்பீரமாகத் தோன்றும் என்பது உண்மையே. பலர் அந்தத் தோற்றத்திற்காகவே இதைச் செய்கின்றனர். அதைக் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் தோற்றத்தோடு நிறுத்திக்கொண்டால் வண்டி ஓட்டத் தகுதியற்றதாகிவிடும்.

ஸ்போர்ட்ஸ் பைக்கின் ஃபோர்க் பெரும்பாலும் தலைகீழ் வகையைச் சார்ந்தது. சாதாரண ஃபோர்க்கில் மெல்லிய குழாய் மேலேயும் பருத்த குழாய் கீழேயும் இருக்கும். தலைகீழ் வகையில் பருத்த குழாய் மேலே இருக்கும். முன்பிரேக்கை அழுத்தும்போது ஃபோர்க்கை வளைக்க முயலும் விசை, அதைப் பற்றியிருக்கும் கீழ்ப்பிடிக்கு அருகில்தான் மிகுதியாகச் செயற்படுகிறது. அவ்விடத்தில் பருத்த குழாய் இருப்பதால் வளைவு குறைகிறது. அடிமரம் பருத்தும் நுனிக்கிளை மெலிந்தும் இருப்பது போன்ற அமைப்பு இது.

இனி எடையைக் காண்போம். கனமான வண்டி என்றவுடன் அதன் மொத்த எடையைப் பார்ப்பது இயல்பு. ஃபோர்க் தாங்குவது மொத்த எடையை அன்று. முன்சக்கரத்தின்மீது வரும் பங்கை மட்டுமே. ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டுநர் முன்னோக்கிக் குனிந்து அமர்வதால், அவருடைய உடலெடையில் பெரும்பகுதி முன்னே செல்கிறது. நிமிர்ந்து அமரும் வண்டியில் அது பின்னே செல்கிறது. எனவே மொத்த எடையில் 30 கிலோ வேறுபாடு இருப்பினும், முன்சக்கரத்தில் வேறுபாடு மிகச் சிறிதாகவும் இருக்கலாம்; டைனா போன்ற வண்டியில் மிகப் பெரிதாகவும் இருக்கலாம். ஊகிப்பதைவிட அளப்பதே நன்று. முன்சக்கரத்தை எடை எந்திரத்தின்மீதும், பின்சக்கரத்தை அதே உயரமுள்ள பலகையின்மீதும் நிறுத்தி, ஓட்டுநரை அமரச் செய்து எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும்.

ஃபோர்க்கினுள் இருக்கும் சுருள்வில், நீங்கள் இயற்பியலில் கற்ற ஹூக்கின் விதிப்படி இயங்குகிறது. விசை எவ்வளவு மிகுகிறதோ, அவ்வளவு சுருக்கமும் மிகும். ஒவ்வொரு வில்லும் 1 மி.மீ. சுருங்க 0.8 கிலோ தேவை எனக் கொள்வோம். இரண்டும் சேர்ந்தால் 1.6 கிலோ. முன்பு 125 கிலோவைத் தாங்கிய ஃபோர்க், புதிய வண்டியில் 157 கிலோவைத் தாங்க நேர்ந்தால், மிகுதியான 32 கிலோவிற்கு ஏறத்தாழ 20 மி.மீ. கூடுதலாக இறங்கும். ஆர்.சி. 390 ஃபோர்க்கின் மொத்த இயக்கத் தொலைவே 125 மி.மீ.தான். ஓட்டுநர் அமர்ந்த நிலையில் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 40 மி.மீ. அளவு, இறங்கியிருப்பது சரியான நிலை. அது 60 மி.மீ. ஆகிவிட்டால், பள்ளத்தில் விழும்போது உள்வாங்க எஞ்சியிருப்பது பாதியளவே. பிரேக் அழுத்தியபடி ஒரு குழியில் இறங்கினால் குழாய்கள் அடியில் சென்று இடிக்கும். அந்தக் கணத்தில் முன்சக்கரம் சாலையைப் பற்றும் திறனை இழக்கக்கூடும்.

இதைச் சரிசெய்யச் சிலர் ஃபோர்க்கின் உச்சியில் உள்ள திருகை இறுக்குகின்றனர். அத்திருகு வில்லின் விறைப்பை மாற்றுவதில்லை. வில்லை முன்கூட்டியே சற்றுச் சுருக்கி, வண்டியின் முன்பகுதியை உயர்த்துகிறது, அவ்வளவே. ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் முன்பு எவ்வளவு விசை வேண்டுமோ, அதே விசைதான் பின்பும் வேண்டும். விறைப்பு வேண்டுமெனில் வில்லையே மாற்ற வேண்டும். மேற்கண்ட கணக்கில் 125க்கு 0.8 எனில், 157க்கு ஏறத்தாழ 1.0 என்னும் விறைப்புள்ள வில் பொருந்தும். விறைத்த வில் சுருங்கிய பின் வேகமாக விரிந்து மேலெழும். அந்த வேகத்தை அடக்குவது, சிறுதுளைகள் வழியே நெருக்கிச் செல்லும் எண்ணெய். வில்லை மாற்றியவர் எண்ணெயின் தடிப்பையும் அளவையும் கவனிக்காவிட்டால், வண்டி ஒவ்வொரு மேட்டிலும் துள்ளிக்கொண்டே செல்லும்.

எடையைவிட நுட்பமானது கோணம். கடைகளில் தள்ளும் வண்டியின் சிறுசக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். அது சுழலும் அச்சுக்குப் பின்னால் தரையைத் தொடுவதால், தள்ளும் திசையில் தானே திரும்பிக்கொள்கிறது. மோட்டார் சைக்கிளிலும் இவ்வமைப்பே உண்டு. ஸ்டீயரிங் அச்சினை ஒரு நேர்கோடாகத் தரைவரை நீட்டினால், அக்கோடு தரையைத் தொடும் புள்ளி முன்னேயும், சக்கரம் தரையைத் தொடும் புள்ளி பின்னேயும் அமையும். இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவை 'டிரெயில்' என்பர். உங்கள் மிதிவண்டியின் அருகே நீண்ட கழியொன்றை ஸ்டீயரிங் குழாய்க்கு இணையாகப் பிடித்துப் பார்த்தால் இதை நேரிலேயே காணலாம். டிரெயில் குறைந்தால் வண்டி அலைபாயும். மிகுந்தால் நேர்ப்பாதையில் உறுதியாகச் செல்லும், ஆனால் திருப்புவதற்குப் பளுவாக இருக்கும்.

டிரெயிலைத் தீர்மானிப்பவை மூன்று: அச்சின் சாய்கோணம், சக்கரத்தின் ஆரம், அச்சுக்கு முன்னால் ஃபோர்க் தள்ளி அமைந்திருக்கும் அளவு. ஆரத்தைச் சாய்கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கி, தள்ளலைக் கழித்து, கொசைன் மதிப்பால் வகுத்தால் டிரெயில் கிடைக்கும். சாய்வு 27 டிகிரி, ஆரம் 330 மி.மீ., தள்ளல் 55 மி.மீ. என எடுத்துக்கொண்டால் விடை 106 மி.மீ. ஸ்போர்ட்ஸ் பைக்கின் பிடிகளில் தள்ளல் குறைவு. அதை 30 என வைப்போம். பழைய சக்கரத்தையே மாட்டினால் டிரெயில் 134 ஆக உயர்ந்துவிடுகிறது. 293 மி.மீ. ஆரமுள்ள 17 அங்குலச் சக்கரத்தை மாட்டினால் 116. ஆனால் சிறிய சக்கரமும் குட்டையான ஃபோர்க்கும் சேர்ந்து வண்டியின் முன்பகுதியை 70 மி.மீ. அளவு தாழ்த்திவிட்டால், சாய்வும் ஏறத்தாழ 24 டிகிரியாகக் குறையும். அப்போது டிரெயில் 98. தொடக்கத்தில் இருந்த எண்ணுக்கு அருகிலேயே வந்துவிட்டோம். எனினும் எஞ்சினின் அடிப்பகுதி தரையை நெருங்கிவிட்டது. நம் ஊர்களின் வேகத்தடைகளை நினைத்தால் அது சிறிய இழப்பன்று. ஓர் எண் சரியாக வந்ததனால் வண்டி சரியாகிவிட்டது என்று கொள்ள இயலாது.

பொருத்தும் வேலையில் முதற்சிக்கல் ஸ்டீயரிங் தண்டு. இரு வண்டிகளின் தண்டுகளும் நீளத்திலும் விட்டத்திலும் ஒத்திருப்பதில்லை. இரண்டிற்கும் பொருந்தும் பேரிங் கிடைத்தால் நல்வாய்ப்பு. கிடைக்காவிடில் லேத் பட்டறையில் புதிய தண்டு கடைந்து, கீழ்ப்பிடியில் அழுத்திப் பொருத்த வேண்டும். ஸ்போர்ட்ஸ் பைக்கின் பிடி பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது; தண்டு எஃகினால் ஆனது. சாதாரண வெல்டிங் இவ்விரண்டையும் இணைக்காது. வெளியே பற்று வைத்து மழுப்பிய தண்டு, ஓடும் வண்டியில் விடுபட்டால் ஓட்டுநரின் கையில் எஞ்சுவது ஹேண்டில்பார் மட்டுமே. இவ்வொரு வேலையைத் தேர்ந்த கடைசல்காரரிடம் அன்றி வேறெவரிடமும் ஒப்படைக்கலாகாது.

அடுத்து, சக்கரத்தின் நடு அச்சு, பிரேக் வட்டு, அதைப் பற்றும் காலிப்பர் ஆகியவை ஒரே நேர்க்கோட்டில் அமைய வேண்டும். இம்மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து எடுப்பதே எளிய வழி. ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் சக்கரவேகத்தை அறியும் உணரியும் அதன் பல்வளையமும் பொருந்தாவிடில், அவ்வசதி செயலற்றுப்போகும். இந்தியாவில் 125 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

எல்லாம் மாட்டியபின் வில்களைக் கழற்றிவிட்டு, ஃபோர்க்கை முழுவதுமாகக் கீழிறக்கிப் பார்க்க வேண்டும். டயர் கீழ்ப்பிடியையோ சைலன்சர் குழாயையோ தொடுகிறதா? ஹேண்டில்பாரை இருபுறமும் திருப்பும்போது பருத்த குழாய்கள் பெட்ரோல் டேங்கில் இடிக்கின்றனவா? பிரேக் குழாய் இழுபடுகிறதா? பிறகே வில்களை மீண்டும் இட்டு, பிடிகளின் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் கொண்டு குறித்த அளவுக்கு இறுக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் குழாய் நசுங்கி, உள்ளே சறுக்கும் குழாய் சிக்கிக்கொள்ளும்.

இத்தனையும் செம்மையாகச் செய்த வண்டியும் பொதுச்சாலையில் ஓடலாம் என்று பொருளன்று. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் வரையறுத்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. எனவே இத்தகைய வண்டிகளுக்கு உரிய இடம் கண்காட்சியும் பந்தயத்தளமுமே. அங்கும் முதல் ஓட்டம் குறைந்த வேகத்தில் அமைய வேண்டும். அது முடிந்ததும் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு போல்ட்டையும் மீண்டும் சோதிக்க வேண்டும்.