சிவக்காத தோலும் உதிரும் முடியும்

முடி கொட்டத் தொடங்கினால் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் முதலில் பழி விழுவது கிணற்றுத் தண்ணீர் மேல். அடுத்து ஷாம்பூ மேல். தலைத்தோலை விலக்கிப் பார்ப்பவர் குறைவு. பார்த்தாலும் நம் நிறம் ஒரு சிக்கலை வைத்திருக்கிறது. வெண்ணிறத் தோலில் கருமுடி மெலிந்தால் தோல் பளிச்சென்று தெரியும். கருமுடிக்கும் மாநிறத் தோலுக்கும் வேறுபாடு குறைவாதலால் நமக்கு அது பிந்தித்தான் தெரிகிறது.

பாடநூலின் நிறம்

தோல்நோய்ப் பாடநூல்களின் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. அழற்சி என்றால் சிவப்பு என்பது அவற்றின் பாடம். அதே அழற்சி நம் தோலில் ஊதாவாக, சாம்பலாக, கடுங்கபிலமாகத் தெரியலாம். சிலவேளை தெரியாமலே போகலாம். லண்டனில் மருத்துவ மாணவராக இருந்த மலோன் முகுவெண்டே, 2020இல் தம் விரிவுரையாளர்களோடு சேர்ந்து கறுப்பு, கபிலத் தோல்களின் நோய்க்குறிகளுக்கென்றே ஒரு கைநூல் வெளியிட்டார். இவ்வளவு காலம் அது ஏன் எழுதப்படவில்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

வட்டமாக உதிர்ந்தால்

காசளவு வட்டத்தில் முடி போய்த் தோல் வழவழப்பாக இருந்தால் அது பெரும்பாலும் புழுவெட்டு. உடலின் நோயெதிர்ப்புச் சக்தி மயிர்க்கால்களைத் தாக்குவதால் வருவது. மயிர்க்கால் அழிவதில்லை, ஆகவே முடி மீண்டும் முளைக்கலாம். தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப் வழியே வெளிர்தோலில் எடுப்பாகத் தெரியும் மஞ்சள் புள்ளிகள் நம்மில் மங்கிப்போகும். ஆனால் வட்டத்தின் ஓரத்தில் அடி மெலிந்து நுனி தடித்து, ஆச்சரியக்குறி வடிவில் நிற்கும் குட்டை முடிகள் எந்த நிறத்தாருக்கும் ஒன்றுதான்.

தலைத்தோலில் வரும் லூபஸ் என்ற நோயெதிர்ப்புக் கோளாறு அப்படியல்ல. நடுவில் வெளிறி ஓரம் கறுப்பதால் அதை வெண்குட்டம் என்று நினைத்துவிடலாம். வெண்குட்டத்தில் முடி வெளுக்கலாம், உதிராது. லூபஸில் மயிர்க்கால் தழும்பாகி மூடிவிடும். போன முடி திரும்பாது. காதுமடலின் குழிவுக்குள்ளும் பாருங்கள், அங்கும் படை இருக்கக்கூடும். வெயில் இதைக் கூட்டும் என்பதால் வாவியில் வலைவீசுவோரும் வயலில் நிற்போரும் தாமதிக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் வைத்தியர் சிறுதுண்டு தோலெடுத்துப் பரிசோதிப்பார்.

புருவத்தின் வெளிப்பக்கம்

முடியை உதிர்க்கும் இன்னொரு நோய் தொழுநோய். மட்டக்களப்பு வாவிக்குள் இருக்கும் மாந்தீவு தொழுநோய் வைத்தியசாலையால், அந்நோயின் பெயர் கேட்டதும் இங்கு பலருக்கு விரலிழந்த முதியவர்களே நினைவுக்கு வருவார்கள். அது தக்க மருந்து இல்லாத காலத்துக் காட்சி. பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளருக்கும் குறைவு என்ற நிலையை இலங்கை 1995இல் எட்டியது. ஆனாலும் புதிய நோயாளர்கள் இன்றும் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். அவர்களில் பிள்ளைகளும் உண்டு.

வெளிர்தோலில் செம்பு நிறமாகத் தெரியும் தொழுநோய்ப் படை நம் தோலில் வெளிறிய திட்டாகத் தெரியும். அதனால்தான் தேமல் என்று களிம்பு பூசிக் காலம் கடத்துகிறோம். நிறத்தை விட்டுவிட்டு வேறு மூன்றைக் கவனியுங்கள்: திட்டில் முடி உதிர்ந்திருக்கிறதா, வியர்க்கிறதா, கண்ணை மூடியிருக்கும்போது பஞ்சால் தொட்டால் உணர்கிறாரா? தேமலில் உணர்ச்சி போகாது.

தொழுநோயின் இன்னொரு வகையில் தெளிவான திட்டே இருக்காது. முகத்தோல் மினுங்கித் தடிக்கும், காதுமடல் தடிக்கும், புருவம் வெளிப்பக்கத்திலிருந்து உதிரும். தலைமுடி பெரும்பாலும் அப்படியே இருக்கும் என்பதால் யாரும் சந்தேகிப்பதில்லை. தைரொயிட் குறைபாட்டிலும் புருவம் இப்படி உதிரும். எனவே புருவம் போனதை வைத்து நீங்களே முடிவு கட்டாமல் அரச வைத்தியசாலையின் தோல்நோய்க் கிளினிக்கில் காட்டுங்கள்.

மருந்து தொடங்கிய பின்

தொழுநோய்க்கான கூட்டு மருந்து இலவசம்; வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். அதிலுள்ள குளோபசிமின் தோலைக் கறுக்கச் செய்யும். கலியாண வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இது சின்ன விடயமில்லை, "மாத்திரையால்தான் கறுத்தாள்" என்ற பேச்சுக்கு அஞ்சி நிறுத்திவிடுவோரும் இருக்கலாம். மருந்து முடிந்தபின் அந்தக் கருமை மாதக்கணக்கில் மெல்ல மங்கும். இதை முதல் நாளே நோயாளியிடமும் வீட்டாரிடமும் சொல்லிவிடுவது கிளினிக்கின் வேலை. சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.