இந்த மரம் எந்தக் காட்டு மரம்?

நம் ஆலயத்து இருக்கைகள், பிள்ளைகளின் நோட்டுகள், திருமண அழைப்பிதழ்கள், திருவிழா நோட்டீஸ்கள் என மரத்தாலும் காகிதத்தாலும் ஆனவை நம்மைச் சுற்றி ஏராளம். வாங்கும்போது விலை கேட்கிறோம், தரம் பார்க்கிறோம். எந்தக் காட்டு மரம் என்று கேட்பதில்லை.

நாம் கேட்காமல் விடுவதற்கு வேறு யாரோ விலை கொடுக்கிறார்கள். பிரேசில் நாட்டின் பாரா மாநிலத்தில், அமேசான் காட்டை அழிக்காமல் பயிர்செய்து வாழ முயன்ற ஏழை விவசாயிகளுக்குத் துணைநின்றவர் அருள்சகோதரி டோரத்தி ஸ்டாங். காட்டை அழித்தவர்களையும், ஏழைகளின் நிலத்தைப் பறித்தவர்களையும் அவர் எதிர்த்தார். 2005ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள், தமது 73 வயதில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

காட்டில் வெட்டிய மரம் அறுப்பு ஆலை, வணிகர், கப்பல், தொழிற்சாலை எனப் பல கை மாறியே நம்மிடம் வருகிறது. இடையில் திருட்டு மரம் கலந்துவிட்டால், பலகையையோ காகிதத்தையோ பார்த்து நம்மால் கண்டுபிடிக்க முடியாது. எனவே, விற்கும் நிறுவனம்தான் வந்த வழியே திரும்பிச் சென்று, மரம் பிறந்த இடத்தை உறுதிசெய்ய வேண்டும்.

இதற்கு உதவவே 1993ஆம் ஆண்டு எஃப்.எஸ்.சி. என்ற பன்னாட்டு அமைப்பு உருவானது. அதன் விதிப்படி, காடு பராமரிக்கப்படும் முறை, பழங்குடியினரின் உரிமை, தொழிலாளரின் பாதுகாப்பு ஆகியவற்றை வெளி ஆய்வாளர்கள் சோதிக்கிறார்கள். பின்னர், மரம் கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் கணக்கு வைக்கப்படுகிறது. நோட்டு அட்டைகளில் சில வேளைகளில் நாம் காணும் மரச் சின்னம் இந்த அமைப்பினுடையதே.

ஆனால், முத்திரை மட்டும் போதாது. 2013 முதல் ஐரோப்பிய ஒன்றியம், மரத்தைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனமே அதன் பிறப்பிடத்தை ஆராய வேண்டும் எனச் சட்டப்படி கட்டாயமாக்கியது. மரத்தின் தேவையையே குறைக்கும் வழியும் உண்டு. கரூர் மாவட்டம் புகளூரிலுள்ள தமிழக அரசின் காகித ஆலை, சர்க்கரை ஆலைகளின் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது.

பொருள் வாங்குவதும் ஓர் அறச்செயலே என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடல் நினைவூட்டுகிறது. அடுத்த முறை அச்சகத்துக்கோ மரக்கடைக்கோ போகும்போது, “இது எங்கிருந்து வந்தது?” என்று கேட்போம். ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிக்கலாம். பங்கு முழுவதும் கேட்டால், அவர் தமக்குச் சரக்கு தருபவரிடம் கேட்பார். அந்தக் கேள்வி காடு வரை போய்ச் சேரும்.