கறுப்புக் குதிரைத் தெருவில் கேட்டு மகிழ ஒரு மாலை

மும்பை கோட்டைப் பகுதி அலுவலகங்களில் வேலை செய்யும் தமிழர்களுக்குக் காலா கோடா தெரியாத இடமல்ல. ‘கறுப்புக் குதிரை’ என்பது பொருள். ஏழாம் எட்வர்ட் குதிரைமீது அமர்ந்திருந்த கரிய சிலையால் வந்த பெயர் அது. 1965-இல் சிலை பைகுல்லா ராணி பாக்குக்குப் போயிற்று. பெயர் மட்டும் நிலைத்தது. 2017-இல் ஆள் ஏறாத குதிரைச் சிலை ஒன்று அங்கே வைக்கப்பட்டது.

இவ்வட்டாரத்தில் 1999-இல் தொடங்கிய கலைவிழா, ஆண்டின் முதலிரு மாதங்களில் ஒன்பது நாள் நடைபெறுவது வழக்கம். நுழைவுக் கட்டணம் கிடையாது. தெருவில் சிற்பங்களும் கடைகளும் பார்த்துத் திரும்புவோரே அதிகம். சற்று உள்ளே, டேவிட் சசூன் நூலகத் தோட்டத்தில் மரத்தடியில் நாற்காலி போட்டு எழுத்தாளர்களும் நாடகக் கலைஞர்களும் உரக்கப் படிப்பதைக் கேட்போர் குறைவு. தாம் எழுதியதையும், தம் மனத்துக்கு உகந்த பிறர் எழுத்தையும் அவர்கள் படிக்கிறார்கள்.

“அதெல்லாம் இங்கிலீஷ் படித்தவர்களுக்கு” என்று வாசலோடு திரும்புகிறவர்கள் ஒன்றை அறிய வேண்டும்.

தொழிலாளர் கண்ட நூலகம்

இந்த நூலகத்துக்கு வித்திட்டவர்கள் பிரபுக்கள் அல்லர். 1847-இல் அரசு நாணயச் சாலையிலும் கப்பல் தளத்திலும் வேலை பார்த்த இளம் மெக்கானிக்குகளும் ஃபோர்மன்களும் சேர்ந்து தொடங்கியது அது. வணிகர் டேவிட் சசூன் பணம் உதவினார். கட்டடம் 1870-இல் எழுந்தது. உழைத்துக் களைத்தவன் வந்து அமர ஏற்பட்ட இடத்தில், உழைப்பவனே தயங்கி நிற்கலாமா?

இட்லியும் கவிதையும்

அங்கே படிக்கத் தகுந்ததற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ஜே.ஜே. கலைப்பள்ளியில் ஓவியம் பயின்று, விளம்பரத் துறையில் பணியாற்றிய கவிஞர் அருண் கோலட்கர், அதே முனையிலிருந்த வேசைடு இன் உணவகத்தில் அமர்ந்து தெருவைப் பல ஆண்டு கவனித்தார். அவருடைய ‘காலா கோடா கவிதைகள்’ 2004-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அவ்வாண்டே அவர் காலமானார். அந்நூலின் நீண்ட கவிதை ஒன்றில், காலையில் இட்லி விற்கும் ஒரு பெண்மணியைச் சுற்றி நடைபாதைவாசிகள் கூடுகிறார்கள். அனைவரும் உண்டதும் கடை மறைந்துவிடுகிறது. நம்மூர்ப் பலகாரம் பம்பாய்த் தெருவின் பசியாற்றிய காட்சி!

கண்ணால் படித்தால் கடினமான ஆங்கிலமும், நிறுத்தி நிதானமாக ஒருவர் படிக்கக் கேட்டால் பாதி விளங்கிவிடும். இது நமக்குப் புதிதன்று. டீக்கடை பெஞ்சில் ஒருவர் பத்திரிகை படிக்க, பத்துப் பேர் கேட்டது நம் ஊர்களில்தான். எழுத்தறியாதவருக்கு ஊர்க் கடிதத்தைப் படித்துச் சொன்ன அண்டைவீட்டார் இந்நகரின் சால்களிலும் இருந்தார்கள்.

அடுத்த விழாவின்போது ஒரு மாலை, ஆறு மணி வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போகலாம். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லலாம். தோட்டத்து நாற்காலி யாருக்கும் எழுதி வைத்ததல்ல.