தற்காலிகக் கோப்பின் தோற்றுவாய்

ஆடிவேல் விழாக் காலத்திலே பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலை நாடி, வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் அடியார் பலர் வருவர். அவர்கள் தத்தம் மூட்டைகளை வைத்துச் செல்லுதற்கு ஒரு மடம் உண்டெனக் கொள்வோம். அங்கே எவரும் மூட்டை வைக்கலாம். ஆயினும் பிறர் மூட்டையை அகற்றலாகாது. யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையால் இயங்கும் கணினிகளில் ‘டெம்ப்’ எனப்படும் அடைவு இத்தகைய மடமேயாம். செய்நிரல்கள் தம் அரைகுறைக் கணக்குகளையும், அச்சிடுதற்கு முன்னான பிரதிகளையும் சிறிது நேரம் அங்கே வைத்து, வேலை முடிந்ததும் அழித்துவிடுதல் மரபு.

நாள்தோறும் வந்துபோகும் இக்கோப்புகளிடையே, ஒரு நாள் எவரும் அறியாப் பெயருடைய கோப்பொன்று காணப்படின் அதன் தோற்றுவாயை எவ்வாறு அறிவது? மூட்டையிற் கட்டிய சீட்டைப் பார்த்தாற் போதாதோ எனலாம். சீட்டு உண்டு, ஆனால் அது சொல்வது சிறிதே. அடைவிலே கோப்பின் பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே உள. அவ்வெண் சுட்டும் ‘ஐநோட்’ என்னும் குறிப்பிலே உரிமையாளர், குழு, அனுமதிகள், பருமன், காலக் குறிப்புகள், வட்டில் உள்ள இடம் ஆகியன அடங்கும். எந்தச் செய்நிரல் அதனை எழுதிற்று என்பது அங்கே இல்லை. உரிமையாளர் எனப்படுபவரும், எழுதிய செய்நிரல் யாருடைய பெயரில் ஓடிற்றோ அவரே. அச்செய்நிரலை ஓடவிட்டவர் அவர்தாமோ என்பது வேறு வினா. திருத்திய காலத்தைக்கூட உரிமையாளர் விரும்பியவாறு மாற்றியமைக்கலாம்.

இவ்வேறுபாடு வெறும் நுணுக்கமன்று என்பதை 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் திகதி மாலை தொடங்கிய நிகழ்ச்சி உலகுக்குக் காட்டிற்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுகூடங்களிலும் இருந்த யுனிக்ஸ் கணினிகள் காரணமின்றித் தளர்ந்தன. சிலவற்றின் தற்காலிக அடைவிலே வழக்கமில்லாக் கோப்புகள் கிடந்தன. அஞ்சல் அனுப்பும் செய்நிரலின் பதிவேட்டில் விசித்திரமான வரிகள் தோன்றின. இணையப் புழு எனப் பின்னர் பெயர்பெற்ற செய்நிரல் விட்டுச்சென்ற தடயங்களே அவை. அது முதலிற் சி மொழியில் எழுதிய 99 வரிகள் மட்டுமே கொண்ட சிறு துண்டமொன்றைப் புதிய கணினிக்கு அனுப்பும். அங்கேயே அது தொகுக்கப்பட்டு, வந்த இடத்தோடு மீண்டும் தொடர்புகொண்டு எஞ்சிய உடலை வருவிக்கும். உடல் நினைவகத்தை அடைந்ததும் கோப்புகள் அழிக்கப்படும். பின்னர் அது சாதாரணக் கட்டளை ஓட்டின் பெயரைப் பூண்டு, இடையிடையே தன்னைப் பிரதிசெய்து செயலெண்ணையும் மாற்றிக்கொள்ளும். கள்வன் ஒருவன் சந்திக்குச் சந்தி சால்வை மாற்றுதல் போன்றது இது.

அது நுழைந்த வழிகளுள் ஒன்று கடவுச்சொல்லை ஊகித்தல். பயனர் பெயரையும், அதனைத் திருப்பிப்போட்ட வடிவத்தையும், தன்னுள்ளே வைத்திருந்த 432 சொற்களையும் அது முயன்று பார்த்தது. ஊகம் பலித்தவிடத்து அப்பயனரின் பெயரிலேயே அயற் கணினிகளில் நுழைந்தது. உரிமையாளர் பெயரை மட்டும் நம்பியிருந்தால், எளிய கடவுச்சொல் வைத்திருந்ததன்றி வேறு தவறு செய்யாத ஒருவரே குற்றவாளியாகியிருப்பார். புறப்பட்ட இடமும் அவ்வாறே மயக்கந் தந்தது. இயற்றியவர் கோர்னெல் பல்கலைக்கழகப் பட்டப்பின் மாணவரான ரொபேர்ட் மொறிஸ். தாம் இருந்த இடம் தெரியாதிருக்கும்பொருட்டு அவர் அதனை மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் கணினியிலிருந்து விடுத்தார். 1990இல் அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணிநேரச் சமூக சேவையும், 10,050 டொலர் தண்டமும் விதிக்கப்பட்டன. இத்தகைய இடர்களை எதிர்கொள்ளும் குழுவொன்று புழு பரவிய 1988ஆம் ஆண்டிலேயே கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தில் அமைந்தது. இலங்கையில் அதையொத்த அமைப்புக் கொழும்பில் 2006இல் உருவாயிற்று. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அடுத்து வந்தது. சட்டம் வந்தபின், ஒரு கோப்பின்மேல் உள்ள பெயரை எவ்வளவு நம்பலாம் என்பது ஒருவரின் மானத்தையும் தொழிலையும் தொடும் வினாவாகும்.

ஆகவே தேடுவோர் அவசரப்பட்டு அழித்தல் கூடாது. அழித்தபின் வினவ எதுவும் எஞ்சாது. முதலிற் கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்த்தல் வேண்டும். பாதி மர்மம் அங்கேயே தீர்வதுண்டு. பெயரின் வாலில் உள்ள எண் சிலவேளை எழுதிய நிரலின் செயலெண்ணாயிருக்கும். நாள்தோறும் ஒரே நிமிடத்தில் தோன்றுமாயின், நேரங்குறித்து வேலைகளை ஏவும் ‘குரோன்’ பட்டியலை ஆராய்தல் தகும். கோப்பு இன்னும் திறந்த நிலையில் இருக்குமாயின் ‘எல்.எஸ்.ஓ.எப்.’ என்னும் கருவி அதனைப் பற்றியிருக்கும் நிரலைக் காட்டிவிடும். பெயர் அழிக்கப்பட்டும், ஏதோவொரு நிரல் திறந்து வைத்திருப்பதால் வட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் கோப்புகளும் உண்டு. அவையும் இதற்கு அகப்படும். வட்டு நிறைந்ததென்று கணினி முறையிட, அடைவோ வெறுமையாய்க் கிடக்கும் விந்தைக்கு இதுவே காரணம்.

கணப்பொழுதில் தோன்றி மூடப்படும் கோப்பே கடினமானது. நாம் பார்க்க வருமுன் எழுதியவன் போய்விடுகிறான். நடந்து முடிந்ததை ஐநோட்டிலிருந்து மீட்க இயலாமையால், அடுத்த முறை நிகழும்போதே பிடித்தல் வேண்டும். யுனிக்ஸைப் பின்பற்றி எழுந்த லினக்ஸ் முறைமையில் ‘ஓடிற்’ எனப்படும் தணிக்கைப் பதிவை அந்த அடைவின்மேல் ஏவிவிட்டுக் காத்திருக்கலாம். கோப்பு மறுபடி உருவாகும் அக்கணமே நிரலின் பாதையும் செயலெண்ணும் அதனைத் தோற்றுவித்த தாய்நிரலின் எண்ணும் பதிவாகும். அவற்றோடு, முதலில் உள்நுழைந்த பயனரின் எண்ணும் தனியே குறிக்கப்படும். அவர் பின்னர் வேறொருவரின் அதிகாரத்தைப் பெற்றுச் செயற்பட்டாலும் வழமையாக அவ்வெண் மாறுவதில்லை.