மணலிற் செல்லும் மோட்டார் சைக்கிள்

1978ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 26ஆம் நாள், பாரிஸ் மாநகரிலிருந்து மேற்கு ஆபிரிக்காவின் டாக்கார் நகரை நோக்கி ஒரு நெடும்போட்டி தொடங்கிற்று. சகாராப் பாலைவனத்தினூடாகச் சென்ற அப்போட்டியில், மோட்டார் சைக்கிளிற் சென்ற சிறில் நெவே என்னும் பிரெஞ்சு இளைஞர் வெற்றி பெற்றார். மணலிலே சில்லுப் புதைந்துவிட்டால், எஞ்சினின் வலிமை அதனை மேலும் ஆழப் புதைப்பதற்கே உதவும். அங்கே வண்டியைக் காப்பது ரயரிலுள்ள காற்றை அளவறிந்து குறைப்பதேயாகும்.

இதன் காரணம் எளியது. பின்சில்லு 300 இறாத்தற் பாரத்தைத் தாங்குவதாகக் கொள்வோம். ரயரின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தலாயின், நிலத்தில் பதியும் பரப்பு ஏறக்குறைய 10 சதுர அங்குலமாகும். அமுக்கத்தை 15 இறாத்தலாகக் குறைத்தால் அப்பரப்பு இரட்டிக்கும். ரயர் நீளவாக்கிற் படிந்து, மணலைக் கிழிக்காது அதன்மேல் மிதந்து செல்லும்.

ஆயினும் இந்நன்மையோடு இரண்டு இடர்களும் வருகின்றன. முதலாவது, கல்லில் மோதும்போது ரயர் நசுங்கி, உள்ளேயிருக்கும் ரியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே அகப்பட்டுத் துளைபடும். இரண்டாவது இதனினும் கொடியது. காற்றுக் குறைந்த ரயர் ரிம்மை இறுகப் பற்றுவதில்லை. எஞ்சின் ரிம்மைச் சுழற்ற, நிலத்தைப் பற்றிய ரயர் பின்தங்கும். ரியூப்பும் ரயருடன் இழுபடும். வால்வோ ரிம்மின் துளையில் நிற்பதால், அடியோடு பிய்ந்துவிடும். துளைக்கு ஒட்டுப் போடலாம். பிய்ந்த வால்வுக்கு ஒட்டு இல்லை. மாற்று ரியூப் கொண்டு செல்லாதவர் பாலைவனத்தில் நின்றுவிட வேண்டியதே.

இவ்விடரைத் தடுப்பதற்கென அமைந்ததே ரிம் லொக் என்னும் சிறு கருவி. இறப்பர் போர்த்திய வளைந்த தகடொன்று ரியூப்புக்கும் ரிம்முக்கும் இடையே வைக்கப்படும். அதன் ஆணி ரிம்மிலுள்ள துளை வழியே வெளிவரும். நட்டை இறுக்கும்போது, தகடு ரயரின் இரு விளிம்புகளையும் ரிம்மோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இதன் பாரத்தாற் சில்லு சமநிலை இழந்து, விரைவாகச் செல்கையில் அதிரக்கூடுமாதலால், எதிர்ப்புறத்தில் ஈடுசெய்யும் எடை கட்டுவதுமுண்டு.

அனுபவமுடையோர் வால்வின் அடி நட்டை ரிம்மோடு இறுக்காது, மூடிக்கு அருகே உயர்த்தி வைப்பர். ரயர் நழுவினால் வால்வு சாயும், அச்சாய்வே எச்சரிக்கையாகும். அது கண்டவுடன் வண்டியை நிறுத்திச் சரிசெய்வோர் ரியூப்பை இழப்பதில்லை.

காற்றின் அளவை, ஓடிச் சூடேறிய பின்னரன்றி, புறப்படுமுன் குளிர்ந்த நிலையிலேயே அளத்தல் வேண்டும். மணல் முடிந்து கல்நிலமோ தார்வீதியோ வந்ததும் மீண்டும் காற்றடித்தல் இன்றியமையாதது. காற்றுக் குறைந்த ரயர் கடின வீதியில் விரைந்தோடும்போது அளவுக்கு மீறி வளைந்து சூடேறும், திருப்பங்களில் தடுமாறும். ஆகவே, காற்றைத் திறந்துவிடுமுன், அதனை மீண்டும் நிரப்புதற்குரிய பம்பு கையிலுண்டா என்று பார்த்துக்கொள்வதே அறிவுடைமை.